யார் திருத்துவது? தலவாக்கலைப் பக்கத்து லயத்தில் ஒரு சாதாரண தரப் பாடத்திட்டம்

இது ஒரு மாதிரி நிகழ்வு. மலையகத்தில் வீட்டிலிருந்தே க.பொ.த. சாதாரண தரத்துக்குப் படிக்கும் பிள்ளைகளின் வீடுகளில் திரும்பத் திரும்ப முளைக்கும் சிக்கல்களை ஒரே மாணவியின் மேல் ஏற்றி எழுதியிருக்கிறோம்.

நிலைமை

பஸ் நிற்கும் சந்தியிலிருந்து மூன்று கிலோமீற்றர் ஏற்றத்தில் இருக்கிறது தேயிலைத் தோட்டம். மாணவிக்கு இடுப்பு மூட்டில் சத்திரசிகிச்சை நடந்து, படிப்பில் ஒரு வருடம் ஏற்கெனவே போய்விட்டது. அதனால் தரம் 10 இல் இருக்கும்போதே 16 வயது முடிந்தது. தட்டையான இடத்தில் நடப்பார். ஏற்ற இறக்கம் ஆகாது. அம்மா கொழுந்தெடுக்கிறார். அப்பா கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்கிறார், தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வருவார். அக்கா கலைப்பிரிவில் தமிழ், புவியியல், அரசியல் விஞ்ஞானம் எடுத்து உயர்தரம் முடித்துவிட்டு முன்பள்ளியில் படிப்பிக்கிறார்.

வயதை முதலில் சொல்லக் காரணம் உண்டு. 2016 இலிருந்து இலங்கையில் 5 வயது முதல் 16 வயது வரை பாடசாலை கட்டாயம். பதினாறு முடியாத பிள்ளையை நோயினாலோ தூரத்தினாலோ வீட்டில் வைத்துப் படிப்பிக்க வேண்டி வந்தால், மருத்துவச் சான்றிதழோடு அதிபரிடமும் வலயக் கல்விப் பணிமனையிலும் எழுத்தில் பேசிவிட்டுத்தான் அடுத்த அடி வைக்க வேண்டும். இந்த வீட்டில் அந்தச் சிக்கல் இல்லை. பாடசாலை விடுகைப் பத்திரத்தை முறையாக வாங்கினார்கள். தரம் 10, 11 பாடநூல்களைத் திருப்பிக் கேட்காமல் வைத்துக்கொள்ள அதிபரிடம் அனுமதியும் கேட்டார்கள். இந்த இரண்டாவது காரியத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் பாடநூல்கள் இலவசமாகக் கிடைப்பது உண்மைதான். ஆனால் ஆறு அங்குலப் போன் திரையில் கேத்திரகணித நிறுவலை வாசிப்பதும் படிப்புத்தான் என்று சொல்ல எங்களால் முடியாது.

ஏழு வாரத்தில் உடைந்த முதல் திட்டம்

அக்கா போட்ட முதல் நேரசூசி பாடசாலையின் அச்சு அசல். நாளுக்கு 40 நிமிடப் பாடவேளை எட்டு, வாரத்துக்கு ஐந்து நாள், ஒன்பது பாடம். ஏழாவது வாரம் கொப்பிகளைப் புரட்டியபோது வரலாற்றில் மட்டும் 90 பக்கக் குறிப்பு இருந்தது. அழகான கையெழுத்து, சிவப்புப் பேனையில் அடிக்கோடு, எல்லாம் பாடநூலைப் பார்த்து எழுதியது. ஒரு வினாவுக்குக் கூட புத்தகத்தை மூடிவைத்து விடை எழுதப்படவில்லை. கணிதத்தில் பயிற்சிகள் செய்யப்பட்டிருந்தன. பின்பக்க விடையோடு ஒத்துவராதவை ஓரத்தில் ஒரு கேள்விக்குறியோடு அப்படியே நின்றன. டேட்டா பொதி மாதம் முடிவதற்குள் யூடியூப் வகுப்புகளில் கரைந்திருந்தது.

இதைச் சோம்பல் என்று எடுத்துக்கொண்டு நேரத்தைக் கூட்டுவதுதான் வழக்கமாக நடக்கும் பிழை. இந்தப் பிள்ளை நாளுக்கு ஐந்து மணித்தியாலத்துக்குக் குறையாமல் உட்கார்ந்திருந்தார். பாடசாலையில் ஆசிரியர் நன்றாகப் படிப்பிக்கிறாரோ இல்லையோ, கொப்பியை வாங்கிச் சரி பிழை போடுகிறார். வீட்டுக்குப் புத்தகம் வரும், காணொளி வரும், கடந்தகால வினாத்தாள் வரும். சரி பிழை போடும் கை மட்டும் தானாக வராது. அதனால் இரண்டாவது திட்டத்தை “எந்தப் பாடம் இலேசு?” என்ற கேள்வியில் தொடங்கவில்லை. ஒவ்வொரு பாடத்துக்கும் எதிரே “யார் திருத்துவது?” என்று எழுதி, அந்த இடம் நிரம்பிய பிறகுதான் பாடத்தை உறுதி செய்தார்கள்.

இடையில் ஒரு சொல். வீட்டுக்கல்வி என்று இணையத்தில் தேடினால் வருபவை பெரும்பாலும் அமெரிக்கக் குடும்பங்களுக்கான திட்டங்கள். ஒரு பாடத்துக்கு 120 முதல் 180 மணித்தியாலம் ஒரு கிரெடிட், நான்கு வருடத்துக்கு இத்தனை கிரெடிட், கடைசியில் பெற்றோர் கையொப்பமிடும் டிரான்ஸ்கிரிப்ட். அங்கே அதற்கு வழி உண்டு, மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும். இங்கே அம்மா எழுதித்தரும் புள்ளிப் பட்டியலை எந்த நிறுவனமும் ஏற்காது. பரீட்சைத் திணைக்களத்தின் பெறுபேறு ஒன்றுதான் செல்லும். ஆகவே எத்தனை மணித்தியாலம் படித்தோம் என்ற கணக்கை வைத்து இங்கே திட்டம் போட முடியாது. கேம்பிரிட்ஜ், எடெக்செல் என்ற பிரித்தானியப் பரீட்சைகளின் வழியையும் வீட்டில் பேசிப் பார்த்தார்கள். பாடத்துக்குப் பாடம் கட்டணம், எல்லாம் ஆங்கில மொழிமூலம், அரச பல்கலைக்கழக அனுமதிக்கு வழக்கமான பாதை உள்ளூர் உயர்தரம். பத்து நிமிடத்தில் அந்தப் பேச்சு முடிந்தது.

பின்னாலிருந்து எண்ணுவது

மாணவி ஆசிரியையாக விரும்புகிறார். கொட்டகலைக்குப் பக்கத்தில் பத்தனையில் ஸ்ரீ பாத தேசிய கல்வியியற் கல்லூரி இருக்கிறது. அங்கே போக உயர்தரம் வேண்டும். உயர்தரத்துக்குப் போகச் சாதாரண தரத்தில் தமிழும் கணிதமும் உட்பட ஆறு பாடங்களில் சித்தி, அவற்றில் மூன்று திறமைச் சித்தி வேண்டும். 35 புள்ளியில் சாதாரண சித்தி, 50 இல் திறமைச் சித்தி. கலைப்பிரிவுக்குத்தானே போகிறோம், கணிதம் எதற்கு என்று கேட்கும் வீடுகள் இந்த வரியை இரண்டு தரம் வாசிக்கலாம். அதற்கு அப்பால் பல்கலைக்கழகம் என்றால், பின்தங்கிய மாவட்டங்களாகக் கணிக்கப்படும் 16 இல் தலவாக்கலை இருக்கும் நுவரெலியாவும் பதுளையும் அடங்குகின்றன. மொத்த இடங்களில் 5 வீதம் அந்த மாவட்டங்களுக்கு மேலதிகமாக உண்டு.

ஒன்பதையும் ஒரே அமர்வில் எழுதுவதா, இரண்டாகப் பிரிப்பதா? பாடசாலை வழியாக அல்லாமல் தானே விண்ணப்பிக்கும் தனியார் பரீட்சார்த்திக்குப் பிரித்து எழுதும் வசதி இருக்கிறது, உடல்நிலைக்கும் அது ஆறுதல். ஆனால் அரச வேலைக்கான அறிவித்தல்களில் “ஒரே அமர்வில் ஆறு பாடங்கள்” என்ற நிபந்தனை அடிக்கடி வருகிறது. ஆகவே ஒன்பதையும் ஒன்றாக எழுதுவது, ஆனால் ஒன்பதுக்கும் ஒரே பாரம் கொடுக்காமல் விடுவது என்று முடிவானது. தமிழ், வரலாறு, சமயம், புவியியல் நான்கிலும் திறமைச் சித்திக்கு மேல், கணிதத்தில் சித்தி நிச்சயம், இயன்றால் திறமைச் சித்தி, மற்றவை சித்தி.

தொகுதிப் பாடங்கள்

ஆறு பாடங்கள் கட்டாயம்: சமயம், தாய்மொழி, ஆங்கிலம், கணிதம், விஞ்ஞானம், வரலாறு. மூன்று தொகுதிகளிலிருந்து ஒவ்வொன்றாக மீதி மூன்று. திட்டம் நிற்பதும் உடைவதும் இங்கேதான் தீர்மானமாகிறது.

முதல் தொகுதியில் பாடசாலையில் அவர் எடுத்திருந்தது வணிகக் கல்வியும் கணக்கீட்டுக் கல்வியும் என்ற ஒரே பாடம். பேரேடும் பரீட்சை மீதியும் திருத்த அந்தத் தோட்டத்தில் யாரும் இல்லை. இருதரப்பும் சமப்படாத கணக்கு ஒன்றோடு தனியாக உட்கார்ந்தால் ஒரு முழுக் காலை போய்விடும். இரண்டாம் மொழி சிங்களத்தைப் பற்றியும் யோசித்தார்கள். அப்பா சரளமாகப் பேசுவார், ஆனால் எழுத வராது. அக்கா உயர்தரத்துக்குப் படித்தது என்பதால் புவியியல் நின்றது.

இரண்டாம் தொகுதியில் நடனம், சங்கீதம், நாடகம் மூன்றுக்கும் செய்முறைப் பரீட்சை உண்டு. அதற்குத் தனியாக ஒரு பயணம், தனியாக ஒரு பயிற்சியாளர். தமிழ் இலக்கிய நயம் எடுத்தார்கள், திருத்துவது மறுபடி அக்கா. தமிழ் வினாத்தாளின் இலக்கியப் பகுதிக்கும் அந்த உழைப்பு உதவும்.

மூன்றாவதில் ஒரு சறுக்கல். அம்மாவுக்கு லீக்ஸும் கரட்டும் போஞ்சியும் கைவந்தவை, வீட்டுக்குப் பின்னாலேயே பாத்தி இருக்கிறது என்று விவசாயமும் உணவுத் தொழில்நுட்பமும் எடுத்து மூன்று வாரம் போனது. பாடநூலைத் திறந்தால் நெற்செய்கை நிறைய வருகிறது. வயலையே கிட்டத்தில் பார்க்காத மலைநாட்டுப் பிள்ளைக்கு நாற்றுமேடை மனப்பாடமாகிப் போனது. மாற்றிச் சுகாதாரமும் உடற்கல்வியும் எடுத்தார்கள். சமிபாடு, சுவாசம், குருதிச் சுற்றோட்டம் எல்லாம் விஞ்ஞானத்தில் எப்படியும் படிக்க வேண்டியவை. ஓட முடியாத பிள்ளை வலைப்பந்தாட்டத் திடலின் நீளம் 30.5 மீற்றர், அகலம் 15.25 மீற்றர் என்று படம் போட்டு வைத்திருக்கிறார்; கொப்பியில் மிகச் சுத்தமான படம் அதுதான்.

வாரத்துக்கு 26 மணித்தியாலம்: கணிதம் 6, விஞ்ஞானம் 5, ஆங்கிலம் 4, தமிழ் 3, வரலாறு 2.5, புவியியல் 2, இலக்கிய நயம் 1.5, சமயம் 1, சுகாதாரம் 1. லயத்தில் சத்தம் இல்லாத நேரம் அம்மா பிரட்டுக்கு (காலை ஆள்கணக்கெடுப்புக்கு) போன பிறகு காலை எட்டிலிருந்து பன்னிரண்டு வரை. பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சி பின்னேரம் தொடங்கும். ஆறு காலைகளில் 24 மணித்தியாலம் போக, மீதி இரண்டும் அக்காவோடு செவ்வாய், வெள்ளி மாலைகளில்.

கணிதம்: ஒரு கழித்தல் குறி

கணிதம் திருத்த, பக்கத்து டிவிஷனில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் மாதாந்தக் கொடுப்பனவுக்கு ஒத்துக்கொண்டார். படிப்பிப்பதற்கு என்று இல்லை, திருத்துவதற்கு மட்டும். வாரத்துக்கு இரண்டு தரம், தரத்துக்கு ஆறு வினா, வாட்ஸ்அப்பில் படம். சிக்னல் கோயில் மேட்டில்தான் ஒழுங்காக இருக்கும், அக்கா வேலைக்குப் போகும்போது அங்கிருந்து அனுப்புவார். பகல் வெளிச்சத்தில், ஒரு பக்கத்துக்கு ஒரு படம், மேலே வினா இலக்கம். அவர் பிழை விழுந்த வரியில் வட்டம் மட்டும் போட்டு அனுப்புவார். சரியானதை மாணவிதான் கண்டுபிடித்து, தனியாக வைத்திருக்கும் சீஆர் கொப்பியில் திகதியோடு எழுத வேண்டும்.

முதல் மாதத்தில் சிக்கியது இருபடிச் சார்பின் வரைபு. எக்ஸின் வர்க்கத்திலிருந்து இரண்டு எக்ஸையும் மூன்றையும் கழித்தால் வை. எக்ஸ் −2 இலிருந்து 4 வரை. வலப்பக்கப் பெறுமானங்கள் சரி: 0 க்கு −3, 1 க்கு −4, 2 க்கு −3, 3 க்கு 0, 4 க்கு 5. இடப்பக்கத்தில் −1 க்கு −2 என்றும், −2 க்கு −3 என்றும் எழுதியிருந்தார். வரைபின் இடது கை ஏறுவதற்குப் பதிலாகத் தொய்ந்து விழுந்தது.

“இடது பக்கம் பாரு புள்ள. வலது பக்கம் 5 வரைக்கும் ஏறுது. இது ஏன் ஏறல்ல?”

“புள்ளியெல்லாம் சரியாத்தான் வச்சேன் சேர்.”

“வச்சது சரி. கூட்டுனது பிழை.”

−1 ஐ வர்க்கித்தால் 1. மாணவி −1 என்றே எடுத்திருந்தார். −2 இன் வர்க்கத்தை −4 என்று எடுத்திருந்தார். சரியாகச் செய்தால் −1 க்கு 0, −2 க்கு 5. இரு கையும் ஒரே உயரம். பழைய கொப்பியில் ஓரக் கேள்விக்குறி வாங்கிய கணக்குகளை இந்தக் கண்ணோடு திரும்பப் பார்த்தபோது, பதினொன்றில் ஏழு இதே பிழை. இரண்டு மாதமாக அவருக்குப் புரியாமல் இருந்தது ஏழு பாடம் இல்லை, ஒரு கழித்தல் குறிதான். இப்போது வரைபு போடுமுன் சமச்சீர் பார்ப்பது பழக்கமாகிவிட்டது. அட்டவணையின் இரு ஓரமும் ஒத்துவராவிட்டால் பென்சிலைத் தொடுவதில்லை.

வினாத்தாளின் அமைப்பைப் பிள்ளையின் கையில் கொடுக்க வேண்டும். பகுதி 1 இரண்டு மணித்தியாலம்: தலா 2 புள்ளியில் 25 சிறு வினாக்கள், தலா 10 இல் 5 வினாக்கள். பகுதி 2 மூன்று மணித்தியாலம்: 12 வினாக்களில் 10, இரு பிரிவிலும் ஐந்தைந்தாக, தலா 10 புள்ளி. மொத்தம் 200. முதல் மாதிரித் தேர்வில் சிறு வினாக்களில் 22, அடுத்த ஐந்தில் 9, பகுதி 2 இல் 13; ஆக 44, அதாவது நூற்றுக்கு 22. முப்பதாவது வாரம் 34, 18, 28, நூற்றுக்கு 40. திறமைச் சித்திக்கு 40, 25, 40 என்று இலக்கு வைத்தார்கள். 105 வந்தால் கோட்டைத் தாண்டும். பகுதி 2 இல் பத்தையும் அரைகுறையாகத் தொடாமல் வரைபு, கூட்டமாக்கிய தரவுகளின் இடை, அமைப்பு, தொடைகள் நான்கையும் முழுதாக முடிப்பது, பிறகு மற்றவற்றின் முதல் படிகளை எழுதுவது. நிறுவல் வினாக்கள் கடைசி. கணித ஆசிரியர்கள் சிலருக்கு இந்த ஒழுங்கு பிடிக்காது. வீட்டில் தனியாகப் படிக்கும் பிள்ளைக்கு இதுதான் சரி என்று நினைக்கிறோம்.

விஞ்ஞானமும் மற்றவையும்

ஆய்வுகூடம் இல்லை என்று விஞ்ஞானத்தைக் கைவிடத் தேவையில்லை. இலையில் மாப்பொருள் சோதனைக்கு மருந்துக்கடை அயடினும் ஸ்பிரிட்டும் போதும். ஸ்பிரிட் உள்ள பாத்திரத்தை நேரே அடுப்பில் வைக்கக் கூடாது, தீப்பற்றும். அடுப்பை அணைத்துவிட்டு, கொதித்த நீருக்குள் அதை இறக்கி வைக்க வேண்டும்; பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். அமிலம் பார்க்கச் சாயத்தேநீரில் தேசிக்காய் பிழிந்தால் நிறம் வெளிறுவது கண்முன்னே தெரியும். உயரத்தால் ஒரு குழப்பம் வரும். நுவரெலியா நகரம் கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர்; அங்கே நீர் ஏறக்குறைய 94 பாகையில் கொதித்துவிடும். வெப்பமானியை நம்பும் பிள்ளை தான் பிழைவிட்டதாக நினைக்கும். புத்தகத்தின் 100 பாகை நியம வளிமண்டல அமுக்கத்துக்கு உரியது என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் போதும்.

வரலாற்றில் தேசப்படம் கட்டாய வினா, வாரம் ஒரு வெற்றுப் படம். ஆங்கிலத்துக்கு வாரம் ஒரு சூம் வகுப்பு. எழுத்துப் பயிற்சியை அந்த ஆசிரியையே திருத்துகிறார். சமயத்துக்குப் பெரிய திட்டம் வேண்டியதில்லை.

நாட்காட்டியும் கடதாசிகளும்

உடைந்த ஏழு வாரத்துக்குப் பிறகு 56 வாரம் இருந்தது. 40 பாடத்துக்கு, 12 முழு வினாத்தாள்களுக்கு, 4 வெறுமையாக. அந்த நான்கில் இரண்டை ஜூன், ஜூலையில் போட்டார்கள். தென்மேல் பருவமழையில் கூரை ஒழுகும், கரண்ட் போகும், பாதை இறங்கும். ஒன்று அப்பா வரும் தீபாவளிக்கு, ஒன்று வைத்தியசாலைக் கிளினிக்குக்கு.

பரீட்சை மாதத்தை நம்பித் திட்டம் போடக் கூடாது. 2019 வரை டிசம்பரில் நடந்தது. 2020 க்குரியது 2021 மார்ச்சில், 2021 க்குரியது 2022 மேயில், 2023 க்குரியது 2024 மேயில், 2024 க்குரியது 2025 மார்ச்சில். அதனால் இந்த வீட்டுச் சுவரில் மாதப் பெயர் இல்லை, வார இலக்கம்தான் இருக்கிறது. திகதி அறிவிக்கப்பட்டதும் கடைசி 12 வாரத்தைப் பின்னாலிருந்து பொருத்துவார்கள்.

விண்ணப்பம் இணையவழி. தனியார் பரீட்சார்த்திக்குத் தேசிய அடையாள அட்டை வேண்டும். 15 வயதிலிருந்து எடுக்கலாம். படத்தைப் பதிவுபெற்ற ஸ்டூடியோவில் எடுத்து, பற்றுச்சீட்டோடு விண்ணப்பத்தைக் கிராம உத்தியோகத்தரிடமோ தோட்ட அத்தியட்சகரிடமோ உறுதிப்படுத்த வேண்டும். மலையகத்தில் இந்த இடத்தில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். பிறப்புச் சான்றிதழ் சிங்களத்தில், பாடசாலைப் பதிவு தமிழில், விடுகைப் பத்திரத்தில் அப்பாவின் பெயர் வேறு எழுத்தில். இங்கே அப்பாவின் பெயரில் ஓர் எழுத்து விடுபட்டிருந்தது. அதைத் திருத்த மாதக்கணக்கில் ஆகும் என்பதால், பாடத்திட்டத்தின் முதல் வாரத்திலேயே அது தொடங்கப்பட்டது. உடல்நிலை காரணமாக நிலத்தளத்தில் இருக்கை, மேலதிக நேரம் போன்றவை வேண்டுமானால் மருத்துவ அறிக்கையோடு விண்ணப்பிக்கும்போதே கேட்க வேண்டும். அனுமதி அட்டை வந்த பிறகு கேட்பது பயன்படாது.

நாற்பத்து நான்காவது வாரம்

முழு வினாத்தாள்கள் தொடங்கியபோது யாரும் எண்ணாத ஒன்று வெளிப்பட்டது. அதுவரை வீட்டில் செய்த மூன்று மணித்தியாலத் தாள் எதுவும் ஒரே இருப்பில் செய்யப்படவில்லை. பாதி காலையில், பாதி மறுநாள். கணிதம் பகுதி 2 க்கு முதன்முறை இடைவிடாமல் உட்கார்ந்தபோது ஒன்றரை மணித்தியாலத்தில் இடுப்பு கடுக்கத் தொடங்கியது. ஏழாவது வினாவோடு பேனையை வைத்துவிட்டார். தெரியாத வினாக்களால் போன புள்ளிகளை விட அன்று வலியால் போனவை அதிகம்.

மூன்று மாற்றம் செய்தார்கள். கட்டிலில் சாய்ந்து எழுதுவதை நிறுத்தி, முன்பள்ளியிலிருந்து பழைய மேசையும் முதுகு சாயாத வாங்கும் கொண்டுவந்தார்கள், பரீட்சை மண்டபத்தில் கிடைப்பது அதுவாக இருக்கலாம் என்பதால். இடைவிடாமல் உட்கார்ந்திருக்கும் நேரத்தை வாரத்துக்கு 15 நிமிடம் கூட்டினார்கள். மண்டபத்தில் நினைத்தபோது எழுந்து நிற்க முடியாது. ஆகவே கிளினிக்கில் இயன்மருத்துவர் காட்டிக்கொடுத்த, உட்கார்ந்தபடியே பாரத்தை மாற்றும் அசைவை ஒவ்வொரு மூன்றாவது வினா முடிந்ததும் செய்யப் பழக்கினார்கள். கணிதத் தாளின் ஓரத்தில் 3, 6, 9 ஆம் வினாக்களுக்கு எதிரே இப்போது பென்சிலில் ஒரு சிறு புள்ளி இருக்கிறது. நாற்பத்தெட்டாவது வாரம் ஒன்பதாம் வினாவின் புள்ளி வரை போனார்.